ஒற்றைப்புல் பவித்திரம்

"சார், இந்த வண்டிக்குப் பெட்ரோல் எதுக்கு? இந்த நாத்தத்தை நாலு சக்கரத்துலேயும் கட்டிவிட்டா, தானா மதுரைக்குப் போய்ச் சேர்ந்துடும்!"

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு இவ்வாறு கூறிய அல்போன்சா, கொட்டகையின் வாசலைத் தாண்டி ஓரடிகூட உள்ளே எடுத்து வைக்கவில்லை. துப்பறியும் ரெங்கநாதன் தம் உதவியாளருக்காகக் காத்திராமல் உள்ளே நடந்தார். அதிகாலையில் காவிரியில் நீராடி, நெற்றியில் திருமண் துலங்க, திருப்பாசுரங்களை முணுமுணுத்தபடியே தம் நாளைத் தொடங்கும் வழக்கமுடையவர் அவர். அத்தகையவருக்கும் அங்கே மூச்சுவிடுவது பெரும் பாடாயிருந்தது.

செங்கல் அடுக்குகளின்மேல், சக்கரங்கள் கழற்றப்பட்டு, எம்.ஜி. என்னும் ஆங்கில நாட்டுப் பந்தயக் கார் கிடந்தது. இருவர் மட்டுமே அமரத்தக்க வண்டி. யாரோ ஓர் ஆங்கில அதிகாரி கப்பலில் வரவழைத்து, தாய்நாடு திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஒரு காலத்தில் ஆலிலைபோல் பச்சைப் பசேலென்று மின்னியிருக்க வேண்டும். இன்றோ, மேற்கூட்டைத் தாங்கும் மரச்சட்டங்களைச் செல் அரித்திருந்தது. தோல் இருக்கையின் வயிற்றைக் கிழித்து எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. வௌவாலின் எச்சமும், அழுகிய வாழைச்சருகின் கசடும், செத்துக் காய்ந்த பெருச்சாளியின் தோலுமாக, அதன் பின்பாதி ஒரு குப்பைமேட்டின் குடலைப்போல் திறந்து கிடந்தது.

ஆனால் முன்பாதி வேறு உலகம். துரு முழுவதும் உப்புத்தாள் கொண்டு சுரண்டப்பட்டு, தகடு வெள்ளிபோல் வெளிறியிருந்தது. சுவரோரம் விரித்த வெள்ளைத் துணியில் திருகுகளும் மறைகளும் மண்ணெண்ணெயில் கழுவப்பட்டு, சிறியது முதல் பெரியது வரை வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. செயற்கை வைரத்திற்குப் பட்டை தீட்டும் குடும்பத்தில் பிறந்த கியாசுதீன், இரும்பையும் அந்தக் கையால்தான் தொட்டிருந்தான்.

"பங்குனியிலேர்ந்து இதே வேலைதாங்க," என்றாள் அவன் மனைவி நசீரா. அவள் கண்கள் சிவந்திருந்தன. "கடைக்குப் போய் வந்தா சோறுகூடத் தின்ன மாட்டாங்க. 'நசீரா, இந்த வண்டியிலே உன்னைக் கூட்டிக்கிட்டு வையம்பட்டி வரைக்கும் போயிட்டு வரணும்'னு சொல்லுவாங்க. எனக்கு இதைப் பாத்தாலே கொமட்டும். நான் அந்தப் பக்கமே வரலைங்க."

"அந்தத் தலைமுடியை எங்கே கண்டார்?" என்று ரெங்கநாதன் கேட்டார்.

நசீரா முன்சக்கரத்திற்கு மேலிருந்த மடிப்பைச் சுட்டிக்காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தகட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையிலிருந்த அந்த இடுக்கைச் சுரண்டியபோதுதான், ஒரு கொத்து நரைத்த தலைமயிரும், அதனோடு பின்னிக் கிடந்த வாழைநாரும், நாரில் கட்டிய துளசிச் சரமும் கியாசுதீனின் கைக்கு வந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வைகுண்ட ஏகாதசியன்று விடிவதற்கு முன்னர், துளசிக் கூடையைத் தலையில் சுமந்து ஸ்ரீரங்கம் நோக்கி நடந்த அம்மணி என்னும் முதியவளைக் காவிரிப் பாலத்தில் ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. அடித்தது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஊரில் அதை அறியாதவர் இல்லை. கியாசுதீனும் அறிந்திருந்தான். கண்டதைக் காகிதத்தில் மடித்து நேரே காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்றான். சென்றவன் திரும்பவில்லை. அவனையே கம்பிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

காரணம், வண்டியை அவனுக்கு விற்ற ஸ்ரீரங்கத்து மிராசுதார் திருவேங்கடத்தின் வாக்குமூலம். 'அந்த ஆண்டு ஐப்பசியிலேயே வண்டியை வாய்ப்பேச்சாக இவனுக்குக் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றம் மட்டுமே தள்ளிப்போயிற்று. மார்கழியில் பாலத்தில் அடித்தவன் இவன்தான். அடித்துவிட்டு என் வாழைத்தார்க் கொட்டகையில் எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்து, இப்போது எடுத்துப்போனான்.' பெரிய மனிதரின் சொல்லுக்கு எதிராகச் சின்ன மனிதனிடம் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. மறுநாள் காலை நீதிமன்றத்தில் நிறுத்தப்போகிறார்கள்.

"அவங்க இந்தப் பங்குனியிலேதாங்க மாட்டுவண்டி வெச்சு இதை இழுத்துட்டு வந்தாங்க. அல்லாஹ் மேலே ஆணையா!" என்றாள் நசீரா.

"தெரியும் அம்மா. ஆணையிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் தலைமுடியை எடுத்துக்கொண்டு தானாகவே போலீஸுக்குப் போகிற குற்றவாளியையும் நான் பார்த்ததில்லை. அல்போன்சா, அந்த டார்ச்சைக் கொடு."

"சார், நான் உள்ளே வரணுமா? மாதா சத்தியமா, காலைலே சாப்பிட்ட இட்லி விசாரிச்சுக்கிட்டு மேலே வருது."

"இட்லியை அங்கேயே நிறுத்திவிட்டு நீ மட்டும் வா."

ஓட்டுநர் அமரும் இடத்தின் பலகையை ரெங்கநாதன் மெல்ல நெம்பித் தூக்கினார். குபீரென்று புதியதொரு நாற்றம் எழுந்தது. எலியின் நாற்றமோ வௌவாலின் நாற்றமோ அன்று அது. புளித்த தயிரும் பழைய நெய்யும் மாட்டுத் தொழுவமும் ஒன்றாகக் குழைந்து, ஆண்டுக் கணக்கில் மூடிக் கிடந்த வாடை. பலகைக்கு அடியில், விரல் தடிமனுக்குக் கருத்த பக்கு ஒன்று இறுகிப் படிந்திருந்தது.

"இது என்ன சார்? எஞ்சின் ஆயிலா?"

"பஞ்சகவ்யம். பால், தயிர், நெய், கோமயம், கோமூத்திரம்."

"சுத்தம் பண்றதுக்கா சார் அது? அது போன இடத்தைச் சுத்தம் பண்ண இன்னொண்ணு வேணும் போலிருக்கே!"

ரெங்கநாதன் சிரிக்கவில்லை. "தீட்டுக் கழிக்கிற சுத்திக்காகப் பஞ்சகவ்யத்தைத் தெளிப்பார்கள். நுனி இலையால் நாலு துளி போதும். இங்கே குடத்தோடு கவிழ்த்திருக்கிறார்கள். இவ்வளவு பயம் எதற்கு? புது வண்டிக்குப் பூசை போட்டிருந்தால் சக்கரத்தில் எலுமிச்சம்பழத் தோல் ஒட்டியிருக்கும். முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருக்கும். ஒன்றுமில்லை. மங்கலத்துக்குச் செய்தது அல்ல இது."

அவர் பேனாக்கத்தியால் பக்கைக் கீறினார். உள்ளிருந்து ஏதோ ஒன்று பெயர்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்து வேட்டி நுனியால் துடைத்தபோது, தர்ப்பைப் புல்லால் முடிந்த ஒரு மோதிரம் தெரிந்தது. சடங்கு செய்கிறவர்கள் விரலில் அணியும் பவித்திரம். சடங்கு முடிந்ததும் முடிச்சை அவிழ்த்து எறிய வேண்டும். இதை அவிழ்க்கவே இல்லை. நழுவியதோ, உதறியதோ, அந்தச் சேற்றில் விழுந்து அப்படியே இறுகிவிட்டது. நெய்யின் பிசுக்கு அதைச் செல்லும் அரிக்காமல் காத்திருந்தது.

ரெங்கநாதன் அதை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"என்ன சார்? மோதிரத்துலே கல்லு இல்லையேன்னு வருத்தமா?"

"புல்லை எண்ணிப் பார், அல்போன்சா."

"ஒண்ணுதான் இருக்கு."

"சுத்திக்கு இரண்டு புல்லால் முடிவதுதான் முறை. ஒற்றைப்புல் பவித்திரம் ஒன்றுக்கு மட்டுமே உரியது. மனிதர் இறந்தால், பிணத்துக்குச் செய்கிற கிரியைக்கு. காருக்குச் சுத்தி செய்ய வந்த ஒருவர் பிணத்துக்கான பவித்திரத்தை முடிந்திருக்கிறார். முறை தெரியாதவராயின் பவித்திரமே முடியத் தெரிந்திராது. முறை தெரிந்தவர் ஏன் தவறு செய்தார்?"

அல்போன்சாவின் உதட்டிலிருந்த கேலி ஒரு கணம் மறைந்தது. "கியாசுதீன் பண்ணியிருக்க முடியாது."

"முடியாது. வா, பஸ்ஸைப் பிடிப்போம். திருவேங்கடத்தின் வீட்டில் சடங்கு செய்துவைக்கிற வாத்தியார் யார் என்பது ஸ்ரீரங்கத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் தெரியும்."

டவுன் பஸ் பாலத்தில் ஏறியபோது காவிரி இருகரையும் தழுவி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் ரெங்கநாதனின் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்ளும். அன்று கூப்பவில்லை. பஞ்சகவ்யத்தின் பிசுக்கு இன்னும் நகக்கண்களில் இருந்தது. அடியார்கள் ஆயிரம் ஆண்டுகளாக உருகி உருகிப் பாடிய அரங்கனின் கோபுரத்தைத் தூரத்தில் கண்டும், அவர் மனம் அந்தக் காரின் அடிப்பலகையிலேயே கிடந்து உழன்றது. வண்டிக்குத் தீட்டுக் கழித்தவன், பாலத்தில் கிடந்தவளுக்கு என்ன செய்தான்?

வடக்கு உத்திர வீதியில், இருண்ட நடைக்கு அப்பாலிருந்த கூடத்தில் அழகியமணவாள வாத்தியார் தர்ப்பைக் கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்தார். மெலிந்த உருவம். ரெங்கநாதனைக் கண்டதும் மலர்ந்த முகம், அவர் நீட்டிய உள்ளங்கையைக் கண்டதும் வாடிற்று.

"இது ஸ்வாமி முடிஞ்சதுதானே?"

"தர்ப்பைப் பவித்திரம் ஊரெல்லாம் முடியறா. அடியேனுக்கு எப்படித் தெரியும்?" வாத்தியாரின் கை, ஆய்ந்துகொண்டிருந்த புல்லைக் கீழே போட்டது. எடுத்தது. மறுபடி போட்டது.

"சுத்திக்கு ஒத்தைப் புல்லா முடிவா? சின்னப் பிள்ளைகூடச் செய்யமாட்டான். தேவரீர் செய்தீர்னா, கை தவறினதுன்னு நான் நம்பமாட்டேன்."

வாத்தியார் உள்பக்கம் திரும்பி, யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "நாய்னு சொன்னார்."

"யார்?"

"மிராசுதார்தான். விடியறதுக்கு முன்னாடி ஆளை அனுப்பிச்சார். வண்டியிலே நாய் அடிபட்டுடுத்து, உடனே வந்து தீட்டுக் கழிச்சுக் கொடுன்னார். 'நாய்க்கு இவ்வளவு எதுக்கு, வண்டியை அலம்பிவிட்டாப் போறாதோ?'ன்னு கேட்டேன். 'கோயில் பிரசாதம் தின்ன நாய் ஓய்! அது சாதாரண நாயா?'ன்னு கத்தினார். கொல்லைக் கொட்டகையிலே வெச்சுப் பண்ணினோம்."

"கோயில் நாய்க்கு அவ்வளவு மரியாதைன்னா, அதை அடக்கம் பண்ண மந்திரி வந்தாரா சாமி?" என்றாள் அல்போன்சா.

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சிரிக்காதேடி குழந்தே. மந்திரம் சொல்லச்சே பார்த்தேன். அவர் வேஷ்டி மடிப்பிலே துளசி ஒட்டிண்டு இருந்தது. நாய் எங்கேயாவது துளசி சுமக்குமோ? புத்தி அதை ஏத்துக்கலை. கை ஏத்துண்டுது. ரெண்டு புல்லை எடுத்த கை ஒண்ணைக் கீழே போட்டுடுத்து. அதையே அவர் விரல்லே போட்டுவிட்டேன். அவர் கவனிக்கலை."

"அது என்றைக்கு?"

அந்தக் கேள்விக்குத்தான் வாத்தியாரின் கண்கள் நிறைந்தன. "அன்னிக்கு ஏகாதசி ஸ்வாமி. பிறந்ததிலேர்ந்து ஒரு வருஷம் தப்பினதில்லை, பரமபத வாசல் சேவை. அங்கே மேளம் கேக்கறது. 'ரெங்கா ரெங்கா'ன்னு ஊரே கதர்றது. வாசல் திறக்கிற வேளையிலே, அடியேன் கொட்டகையிலே குந்திண்டு, நாய்க்குத் தீட்டுக் கழிச்சிண்டிருந்தேன்."

ரெங்கநாதன் உள்ளங்கையை மூடிக்கொண்டு கேட்டார்:

"இதை இன்ஸ்பெக்டரிடம் வந்து சொல்வேளா? ஒரு நிரபராதி நாளைக்குக் கூண்டில் ஏறப்போறான்."

வாத்தியார் பின்னுக்கு நகர்ந்தார். சுவர் தடுத்தது. "மாட்டேன். அடியேன் இருக்கிற இந்த வீடு அவருது. தேவரீர் வெளியிலே போய்ச் சொன்னாலும், நான் சொல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவேன். மன்னிச்சுக்கணும்."

தெருவுக்கு வந்ததும் அல்போன்சா பெருமூச்சுவிட்டாள். "இருந்த ஒரு சாட்சியும் தர்ப்பைக்குள்ளே ஒளிஞ்சுக்கிச்சு. இப்போ என்ன சார் பண்றது? அந்தப் புல்லைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் காதிலே மாட்டுறதா?"

"அம்மணி எப்போது இறந்தாள் என்று உனக்குத் தெரியுமா?"

"பாலத்துலேயே போயிட்டாங்கன்னுதானே ஊர்லே பேச்சு?"

"ஊர் பேசும். உன் சித்தி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் அல்லவா? கேட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்துவிடு. ஒரு சொல்கூட விடாமல் கேள்."

மாலைவெயில் மலைக்கோட்டையின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் மதுரைவீரன் ரெங்கநாதனை எழுந்து வரவேற்றார். அறையின் மூலையிலிருந்த கம்பிகளுக்குப் பின்னால் கியாசுதீன் நின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கிரீஸ் கறை போகாத விரல்கள் கம்பியைப் பற்றியிருந்தன.

"ஐயா, வண்டி மழையிலே நனையாம மூடியிருக்கா? நசீராகிட்டச் சொன்னா செய்யமாட்டா, அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது," என்றான் அவன்.

"மூடியிருக்கிறது, தம்பி."

"உங்க வார்த்தைக்கு எனக்கு மரியாதை உண்டு சார்," என்றார் மதுரைவீரன். "ஆனா நான் என்ன செய்யட்டும்? வண்டியிலே தடயம் இருக்கு. வண்டி இவன்கிட்டே இருக்கு. ஐப்பசியிலேயே கொடுத்துட்டேன்னு பெரியவர் சொல்றாரு. கையெழுத்துப் போடத்தான் வந்திருக்காரு. இதோ."

திருவேங்கடம் வந்தார். பருத்த மேனி, பன்னிரு திருமண், சரிகை அங்கவஸ்திரம். வீட்டுத் தண்ணீரை வெள்ளிச் செம்பில் தாமே சுமந்து வந்திருந்தார். நாற்காலியின்மேல் தம் மேல்துண்டை விரித்து, அதன்மேலும் ஒருமுறை தண்ணீர் தெளித்து, அதன்பின் அமர்ந்தார்.

"கண்டவா உக்கார்ற இடம். நமக்கு ஆசாரம் முக்கியம், என்ன ரெங்கநாதன்? நீரும் நம்மூர்க்காரர், உமக்குச் சொல்ல வேண்டாம்."

நம்மூர்க்காரர் என்ற சொல்லைக் கேட்டபோது ரெங்கநாதனுக்கு உடம்பு கூசியது. ஒரே கோயில், ஒரே தீர்த்தம், ஒரே துளசி. ஆயினும் கைகூப்பினார்.

"தேவரீர் வாக்குமூலத்தைக் குறை சொல்ல நான் வரலை. ஒரு சின்ன சந்தேகம். காரிலே பஞ்சகவ்யம் விட்டிருக்கே?"

மிராசுதாரின் கண் ஒருமுறை சிமிட்டியது. அவ்வளவுதான். "ஆமாம். நாய் ஒண்ணு அடிபட்டது. வண்டி நம்ம கையிலே இருந்தப்போ. ஐப்பசிக்கும் முன்னாடி. சுத்தி பண்ணாம விடமுடியுமோ? சுத்தி பண்ணி, சுத்தமான வண்டியாத்தான் இவனுக்குக் கொடுத்தேன். அதை அசுத்தம் பண்ணினவன் இவன்."

"நாய்க்குச் செய்ததானால் ஒரு குறையும் இல்லை."

"குறை வைக்கிற குடும்பமா நம்மளது?" என்று நகைத்துக்கொண்டே அவர் பேனாவை எடுத்தார்.

அப்போது அல்போன்சா உள்ளே நுழைந்தாள். அவள் முகத்தில் வழக்கமான விஷமம் இல்லை. ரெங்கநாதன் மிராசுதாரை அறவே மறந்துவிட்டவர்போல இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினார்.

"அம்மணி விஷயத்தில் ஒன்று விட்டுப்போய்விட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சொல் அல்போன்சா."

"பாவம் சார் அந்தக் கிழவி," என்றாள் அல்போன்சா. "பால்காரர் ஒருத்தர் பார்த்துட்டு வண்டியிலே தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ நல்லா நெனவு இருந்திருக்கு. எங்க சித்திகிட்டதான் தண்ணி கேட்டுக் குடிச்சிருக்காங்க. 'கூடை எங்கே, துளசி வாடிடும்'னு கேட்டாங்களாம். ரத்தம் ரொம்பப் போயிட்டதாலே காப்பாத்த முடியலை. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு டாக்டரே சொன்னாராம். உச்சி வெயில்லேதான் உயிர் போயிருக்கு."

பேனா காகிதத்தின்மேல் நின்றது.

"தண்ணி குடிச்சாளா?" என்றார் திருவேங்கடம்.

"குடிச்சாங்க."

"பேசினாளா?"

"பேசினாங்க."

"அது எப்படி? அது எப்படி முடியும்?" மிராசுதாரின் குரல் உயர்ந்தது. "கண்ணு நிலைகுத்திப் போயிடுத்தே! மூச்சே இல்லையே! நான் குனிஞ்சு, மூக்குக்கிட்டே கையை வெச்சுப் பார்த்தேனே…"

மதுரைவீரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அந்த ஓசையைக்கூட மிராசுதார் கேட்கவில்லை. தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பதையும் அவர் உணரவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. விரல்களை மடக்கி எதையோ கணக்கிட்டார். நெற்றித் திருமண் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

"அப்போ விடியற்காலையிலே பண்ணின சுத்தி? உசிரோட இருக்கச்சே பண்ணினா அது எதிலே சேரும்? செல்லாதே! அதுக்கப்புறம்தானே செத்திருக்கா! மூணு வருஷம்… மூணு வருஷமா அந்தத் தீட்டோட பெருமாளுக்குத் திருவாராதனம் பண்ணியிருக்கேன்! பொண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்திருக்கேன்!"

அல்போன்சா முணுமுணுத்தாள்: "கடைசியிலே இவர் சொன்ன நாய்க்குத் தண்ணி கொடுத்தது தப்பாப் போச்சு."

திருவேங்கடம் எழுந்து, நாற்காலியின்மேல் விரித்த துண்டு கீழே விழுவதையும் பாராமல், ரெங்கநாதனின் கைகளைப் பற்ற வந்தார். ரெங்கநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாழ்நாளில் தீட்டு என்று எவரையும் விலக்கியறியாதவர் அவர். அன்று ஒரு மனிதன் தம்மைத் தொட்டுவிடக் கூடாதே என்று அஞ்சினார்.

"ஸ்வாமி, தேவரீருக்கு சாஸ்திரம் தெரியும். நாலு பேருக்குச் சொல்றவர். இதுக்குப் பரிகாரம் உண்டோ?"

"உண்டு."

"சொல்லணும். எவ்வளவு பெரிய ஹோமமானாலும் பண்றேன். சொல்லணும் ஸ்வாமி."

"சொல்ல மாட்டேன்."

மதுரைவீரன் மிராசுதாரின் தோளில் கைவைத்தபோதுதான் அவருக்கு இவ்வுலகம் நினைவு வந்தது.

"தொடாதேயும்!"

"தொடாம எப்படிப் பெரியவரே அரெஸ்ட் பண்றது? தர்ப்பையாலே கட்டி இழுக்கட்டுமா?" என்றார் மதுரைவீரன். மறுகையால் சாவியை எடுத்துக் கம்பிக் கதவைத் திறந்தார். "கியாசுதீன், வெளியே வாப்பா. தலைமுடியை எடுத்துக்கிட்டு வந்தவனையே பிடிச்சு உள்ளே போட்டேன். எனக்கே வெக்கமா இருக்கு."

கியாசுதீன் வெளியே வந்தான். வாசலில் காத்திருந்த நசீரா ஓடிவந்து அவன் சட்டையைப் பற்றிக்கொண்டு விம்மினாள். அவன் அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தான். ஆனால் அவன் பார்வை மிராசுதாரை விட்டு அகலவில்லை.

திருவேங்கடம் கம்பிக் கதவின் அருகே வந்து நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். பின்பு தம் வெள்ளிச் செம்பைக் காவலர் ஒருவரிடம் நீட்டினார்.

"இவன் இருந்த இடம். முதல்லே இதை நன்னா அலம்பிவிடச் சொல்லுங்கோ. அப்புறம்தான் நான் கால் வைப்பேன்."

காவலர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ரெங்கநாதனைப் பார்த்தார். ரெங்கநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கியாசுதீன்தான் பேசினான். குரலில் கோபம் இல்லை. திருகாணியைத் துணியில் எடுத்து வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக எடுத்து வைத்தான்.

"அசுத்தமான எடத்துலே நாங்க தொழ மாட்டோங்க. வந்த அன்னிக்கே தண்ணி கேட்டு வாங்கி நானே கழுவிட்டேன். அஞ்சு வேளையும் நெத்தியை வெச்ச தரை அது. சுத்தமாத்தான் இருக்கு. நீங்க தாராளமாப் போங்க."